பிள்ளைகள் பாறையேறியது போதும்

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் எமது பதுளை மாவட்டம் உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்றது. தேயிலையின் மணமோ நமுனுகுலை மலையின் எழிலோ அதற்குக் காரணமில்லை. போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் பெறுவதற்காகக் காட்டுவழி நடந்து, பாறையேறி அமர்ந்திருந்த காட்சியை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் உலகுக்குக் காட்டியது. எமது பசறையிலிருந்து பிபிலைக்குச் செல்லும் பாதையில் உள்ள லுணுகலைப் பகுதியில், காட்டு மரமொன்றில் ஏறத்தாழ 30 அடி உயரத்தில் கட்டிய குடிலுக்குள் பிள்ளைகள் ஏறியிருந்து படித்த செய்தியும் உடன்வந்தது.

கண்டு கண்ணீர் வடித்தோர் பலர்; கவிதை புனைந்தோர் சிலர். கல்வித் தாகம் என்றனர், விடாமுயற்சி என்றனர், மலையகத்தின் மன உறுதி என்றனர். அந்தப் பாறைகளுக்கு அயலிலே தமிழ் கற்பித்து வாழும் நாம், அப்பாராட்டில் பங்குகொள்ள அன்றும் மறுத்தோம், இன்றும் மறுக்கிறோம். பசித்த பிள்ளை பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதித்தால் அதன் கால்வலிமையைப் பாடுவது கவிஞன் வேலையாகுமா? வீட்டில் ஏன் சோறில்லை என்று கேட்பதல்லவா மனிதன் வேலை?

படத்தைக் கண்ட அனைவரும் பிள்ளை எவ்வளவு உயரம் ஏறியது என்று அளந்தனர். பாடம் எவ்வளவு தூரத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று அளந்தவர் எவருமிலர். பாடம் கொழும்பிலோ, கடல்கடந்த ஏதோ ஒரு நாட்டிலோ, குளிரூட்டிய அறையொன்றில் நின்ற கணினியில் இருந்தது. அங்கிருந்து கம்பிவழியும் கோபுரவழியும் வந்த அலை எமது பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கவில்லை. அலை இறங்காததனால் பிள்ளை ஏறியது. நிகழ்ந்தது இவ்வளவே.

பாடம் இருக்கும் அக்கணினியைப் பள்ளத்தாக்கில் உள்ள பாடசாலைக்குள்ளேயே வைத்திருந்தால் என்ன? இவ்வெளிய வினாவை உரத்த குரலில் எழுப்புவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

* * *

இணையவழிக் கற்றல் என்றவுடன் வானத்தில் மிதக்கும் மாயப் பொருளொன்றை நினைக்குமாறு எம்மவர் பழக்கப்பட்டுவிட்டனர். விற்பவர்கள் அதற்கு மேகம் என்றே பெயரும் சூட்டியுள்ளனர். மேகத்துக்கு உடைமையாளன் உண்டா, வேலியுண்டா என்று யார் கேட்கப் போகிறார்கள்? உண்மையில் அம்மேகம் ஓர் இரும்புப் பெட்டி. அது ஒருவருடைய கட்டடத்தில், ஒருவருடைய மின்கட்டணத்தில், ஒருவருடைய காவலில் நிற்கிறது. பிற கணினிகள் கேட்பதை எடுத்து வழங்குவதால் அதனைச் சேவையகம் என்கிறோம்; எம் மாணவர் சேர்வர் என்பர். அதனுள் நிறுவப்படும் கற்றல் முகாமைத்துவ மென்பொருளே பாடக்குறிப்பையும், பயிற்சியையும், புள்ளியையும், ஆசிரியர் மாணவர் உரையாடலையும் ஓரிடத்தில் வைத்துக் காக்கிறது.

இத்தகைய மென்பொருள்களுள் உலகெங்கும் பெருவழக்காய் உள்ளது மூடில். அதனை ஆக்கிய மார்ட்டின் டூகியாமஸ் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்து நடுவே தொலைதூரக் குடியிருப்பொன்றில் வளர்ந்தவர். பாடசாலை எட்டாத் தொலைவில் இருந்தமையால் சிற்றலை வானொலியில் ஆசிரியர் குரலைக் கேட்டே பாடம் படித்தவர். பின்னாளில் பேர்த் நகரத்துப் பல்கலைக்கழகமொன்றில் பணியாற்றிய அவர், 2002ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் நாள் மூடிலின் முதற் பதிப்பை வெளியிட்டார். தொலைவு இன்னதென்று உடலால் அறிந்த பிள்ளை வளர்ந்து செய்த கருவி இது.

கருவியைச் செய்தவர் அதனைப் பூட்டி வைக்கவுமில்லை. குனூ பொது உரிமத்தின் கீழ் அதனை வெளியிட்டார். எவரும் எடுக்கலாம், நிறுவலாம், உட்புறத்தைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமையுடன் பிறருக்குக் கொடுக்கலாம். உரிமக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. மூடில் என்ற பெயரை முதன்முறை கேட்டபோது எமது தமிழ்க்காது அதனை மூடு, இல் எனப் பிரித்து, மூடிய வீடு என்று பொருள்கொண்டது. பார்த்தாலோ அது பூட்டே இல்லாத வீடு! நாட்டின் பல்கலைக்கழகங்கள் பலவும் தம் மாணவர்க்கு அதனைத்தான் நிறுவியுள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் அம்மென்பொருளை அடித்தளமாகக் கொண்டே மும்மொழிகளிலும் பாடங்களை வழங்கியது.

ஆகவே கருவி இருந்தது; உரிமை இருந்தது; தமிழில் பாடமும் ஓரளவு இருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது என்ன நிகழ்ந்தது? பல்கலைக்கழக மாணவர்க்கு, லேர்ன் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியே, தத்தம் பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றி அணுக வழிசெய்யப்பட்டது. நல்ல செயல், பாராட்டுகிறோம். ஆனால் அலையே இறங்காத தோட்டத்துக்கு இலவச அலை கொடுப்பது, தண்டவாளம் போடாத ஊருக்கு இலவசப் பயணச்சீட்டு கொடுப்பது போன்றது. 43 இலட்சம் மாணவருள் இணையவழி வகுப்பில் பங்குகொள்ளக் கூடியவர்கள் மிஞ்சினால் 40 சதவீதத்தினரே என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் 2021இல் எடுத்துரைத்தார். எஞ்சிய அறுபதில் எமது லயங்கள் எத்தனை என்று நாம் எண்ணிக் காட்டவேண்டுமா?

* * *

தோட்டத்தில் ஒரு சொல் உண்டு: அரைப்பேர். நாள் முழுதும் மலையில் நின்றும் கொழுந்தின் நிறை குறைந்தால், செக்ரோலில் அரை நாட் சம்பளமே பதியப்படும். அதுவே அரைப்பேர். எமது கல்வியின் வரலாறு முழுவதும் அரைப்பேரின் வரலாறுதான்.

1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தது. மலையகத் தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு, அதற்குமேல் பெரட்டுக்களம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. அரசு தோட்டப் பாடசாலைகளைத் தன் பொறுப்பில் எடுத்தது 1970களில். இலவசக் கல்வி என்னும் விருந்துக்கு நாம் ஒரு தலைமுறை பிந்தி அழைக்கப்பட்டோம்.

1924ஆம் ஆண்டு பதுளைக்கு இரயில் வந்தது. மலையைக் குடைந்து, பள்ளத்தைத் தூர்த்துத் தண்டவாளம் இட்டவன் தொழிலாளி. கீழே இறங்கியது தேயிலை. பாதை எங்கே போகவேண்டும் என்பதை இலாபம் தீர்மானித்தது. இன்று கைப்பேசிக் கோபுரம் எந்த மலையில் நிற்கவேண்டும் என்பதையும் அதே இலாபந்தான் தீர்மானிக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். அக்கூலியில் அரிசியும் மாவும் போக மிஞ்சுவதைக் கொண்டு இணையப் பொதி வாங்கும் வாடிக்கையாளருக்காக எந்த நிறுவனம் ஓடிவந்து கோபுரம் நாட்டும்?

பாடத்தைத் தொலைவில் வைத்துவிட்டு, அலை எட்டியவனுக்கு முழுப்பேரும் எட்டாதவனுக்கு அரைப்பேரும் போடுகின்ற இம்முறையை நாம் கல்விச் சமத்துவம் என்று அழைக்கப் போவதில்லை.

* * *

வாய்ச்சொல்லோடு நிற்பவர்கள் என்று எம்மை எண்ணிவிட வேண்டாம். நாம் செய்து பார்த்தோம், செய்ததைச் சொல்கிறோம்.

எம் பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். அதன் கணினி அறையில், அலுவலகமொன்று கழித்துவிட்ட மடிக்கணினி கிடந்தது. விசைப்பலகையில் நான்கு விசைகள் உதிர்ந்திருந்தன. நினைவகம் 4 ஜிகாபைட். அதனைச் சேவையகமாக்குவோம் என்றபோது சக ஆசிரியர்கள் நகைத்தனர். ஆயின் ஒரு ஜிகாபைட் நினைவகத்துக்குப் பத்து முதல் இருபது பேர் ஒரே வேளையில் மூடிலைப் பயன்படுத்தலாம் என்பது அதன் வழிகாட்டிகள் தந்த பழங்கணக்கு. எமது வகுப்பில் 38 மாணவர். கணக்குச் சரியாயிற்று. மடிக்கணினியாதலால் மின்வெட்டு வந்தாலும் அதன் மின்கலம் இரண்டு மணிநேரம் தாங்கியது. கிழட்டுக் கணினியின் இக்குணத்தை விலையுயர்ந்த சேவையகத்திடமும் நாம் எதிர்பார்த்திருக்க முடியாது.

மூன்று சனிக்கிழமைகள் சென்றன. முதல் நாளில் லினக்ஸ் இயங்குதளத்தை இட்டோம். பின்னர் கேட்பவருக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி. மூடில் எழுதப்பட்ட மொழியாகிய பி.எச்.பி.; பெயரும் புள்ளியும் தங்கும் தரவுத்தளமாகிய மரியாடிபி. இம்மூன்றும் அமைந்தபின் மூடில் பொதியை அவிழ்த்தோம். மாணவர் தரும் கோப்புகள் தங்கும் கோப்புறையை, உலாவியில் எவரும் நேரே எட்ட முடியாத இடத்தில் தனியே வைத்தோம். வாசலில் வருவோர் எல்லாரும் அரிசிப்பானையைத் திறக்க முடியாதபடி அதனை உள்ளறையில் வைக்கும் வீட்டுப் புத்தி இது. வேறு மந்திரம் எதுவுமில்லை.

இடறிய இடங்களையும் மறைக்க மாட்டோம். எமது இலக்கணக் குறிப்பைப் பதிவேற்றினால் ஏற்க மறுத்தது. அரை நாள் தேடிய பின்னரே, பி.எச்.பி. இயல்பாக 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை என்றும், அவ்வெல்லையை நாமே உயர்த்த வேண்டும் என்றும் அறிந்தோம். மாணவருக்கு அனுப்பிய அறிவித்தல்கள் போய்ச் சேரவில்லை. நிமிடந்தோறும் பின்னணி வேலைகளை எழுப்பிவிடும் ஏவலைக் கணினிக்குச் சொல்ல மறந்திருந்தோம். பெரட்டுக்குத் தப்பட்டை அடிக்க ஆளில்லாத தோட்டம் போல எல்லா வேலையும் உறங்கிக் கிடந்தது!

எல்லாவற்றிலும் பெரிய இடறல் தமிழாக இருந்தது. ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தட்டெழுதிச் சேர்த்த குறிப்புகள் யாவும் பாமினி எழுத்துருவில் கிடந்தன. அவற்றை மூடிலில் ஒட்டியவுடன் தொல்காப்பியம் ஆங்கில எழுத்துகளின் குப்பைக் குவியலாயிற்று. பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தின் படத்தை அமர்த்தும் ஏற்பாடு; யூனிகோட்டில்தான் தமிழ் எழுத்துக்குத் தனக்கென்று ஓர் இருக்கை உண்டு. குறிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, பிழைதிருத்தி ஏற்றினோம். மூடிலுக்குத் தமிழ் மொழிப்பொதி உண்டு. ஆனால் தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலச் சொற்கள் இடையிடையே தலைநீட்டுகின்றன. அவ்விடங்களை நிரப்பும் பணி உலகில் எவருக்கும் திறந்திருக்கிறது. நிரப்பவேண்டியவர் யார்? பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துப் பட்டம் பெற்ற நாமன்றி வேறு யார்?

இறுதியில் ஒரு சிறு ரவுட்டரை இணைத்தோம். அதற்கு வெளியிணையம் எதுவுமில்லை. பாடசாலைச் சுவர்களுக்குள்ளும் விறாந்தையிலும் மட்டும் எட்டும் அலை. ஒரு சதத்துக்கும் தரவுப் பொதி வேண்டாத அலை. மாணவர் வீட்டிலிருந்து கொணர்ந்த கைப்பேசிகளில், மூவருக்கு ஒன்றாக, பாடம் திறந்தது. இறக்கிக்கொண்ட குறிப்பை லயக் காம்பராவில் அலையின்றியே படிக்க முடிந்தது.

பெற்றோர் கூட்டத்தில் இதனைக் காட்டினோம். கொழுந்துக் கறை மாறாத கையோடு வந்திருந்த தாயொருத்தி கடைசி வாங்கிலிருந்து எழுந்து கேட்டாள்: "சேர், அப்ப எம்புள்ள இனி அந்த மேட்டுக்குப் போக வேண்டியதில்லீங்களா?"

இவ்வினாவுக்கு இல்லை என்று விடைசொல்ல முடிந்த அந்தக் கணத்துக்காக மூன்று சனிக்கிழமைகள் என்ன, முப்பது சனிக்கிழமைகளும் கொடுக்கலாம்.

ஒரு தோல்வியையும் சொல்லிவிட வேண்டும். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் வன்தட்டு பழுதடைந்தது. காப்புப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. குற்றம் முழுவதும் எம்முடையது. மாணவரின் இருமாதக் கட்டுரைகள் போயின. அன்று தொட்டு வெள்ளிதோறும் இரு பிரதிகள் எடுக்கிறோம். ஒன்று அலுமாரியில், மற்றொன்று எமது வீட்டில். எமது பெட்டி எமது கையில் இருக்கும்போது அதன் காவலும் எமது தலையில்தான்.

* * *

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

கூரை ஒழுகும் லயத்துக்குச் சேவையகம் எதற்கு, முதலில் சோறு போடுங்கள் என்பர் சிலர். இக்குரல் புதியதன்று. கொழுந்து கிள்ளும் கைக்கு எழுத்தெதற்கு என்று துரைமார் கேட்ட குரலின் பேரப்பிள்ளை இது. கூரையும் வேண்டும், கூலியும் வேண்டும், நிலமும் வேண்டும். அவற்றுக்கான போராட்டத்தில் நாம் பின்னிற்பவரல்லர். ஆயினும் ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைக் கேட்காதே என்று வரிசை வகுப்பவன் இரண்டையும் தராதவனாகவே இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். உரிமக் கட்டணமே இல்லாத ஒரு கருவியை, கழித்துவிட்ட கணினியில் நிறுவுவதனால் எந்தச் சோற்றுப்பானை குறையும்?

கொழும்பில்தான் அரசின் தளம் இருக்கிறதே, மலைக்கு இன்னொன்று வீண்செலவு என்பர் வேறு சிலர். மகாவலியில் தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக லயத்துக்குக் குழாய் வேண்டாம் என்று சொல்வார்களோ? அரசின் தளத்தை நாம் வெறுக்கவில்லை. அதிலுள்ள தமிழ்ப் பாடங்களை முழுமையாக ஒரு வன்தட்டில் பெயர்த்து, பசறை பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள் என்கிறோம். கம்பியில் வராத பாடம் பஸ்ஸில் வரட்டும்; பாடசாலைச் சேவையகத்தில் இறங்கட்டும். தவணைக்கொருமுறை புதுப்பித்தால் போதும்.

செய்மதி இணையம் வந்துவிட்டது, இனி இக்கவலை எதற்கு என்று கேட்போரும் உளர். ஆம், 2025ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. அதன் தட்டினை எந்த லயத்தின் தகரத்தில் பொருத்துவது, மாதக் கட்டணத்தை எந்தச் சம்பளத்தில் கழிப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும். மேலும் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைத் தாக்கியபோது பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் சிதைந்ததை மறக்க முடியுமா? வீதி அறுந்தது, மின்சாரம் அறுந்தது, தொலைபேசியும் பல இடங்களில் அறுந்தது. தொலைவிலுள்ள ஒன்றை மட்டும் நம்பி வாழும் ஊர், கம்பி அறுந்தவுடன் ஊமையாகிறது. பேரிடர் வந்தால் பாடம் தப்பும் என்று நாம் உறுதிகூற வரவில்லை. மலை சரியும்போது எமது மடிக்கணினியும் புதையலாம். ஆனால் மலை சரியாத ஆயிரம் நாட்களில், எங்கோ ஒரு கம்பி அறுந்ததற்காக எம் பிள்ளையின் பாடம் நிற்கக் கூடாது.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத்தில் காகிதம் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. காகிதமின்றி வினாக்கொத்து நடத்தவும், மின்கலத்தில் இரண்டு மணிநேரம் ஓடவும் வல்ல சிறுபெட்டி ஒவ்வொரு பாடசாலையிலும் இருந்திருந்தால்? உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியிலேயே மூடிலை நிறுவி, இணையமின்றித் தன் அலையைத் தானே பரப்பச் செய்யும் மூடில்பொக்ஸ் என்ற ஏற்பாடு அதற்கு முன்னரே உலகில் வழக்கிலிருந்தது. அதுவும் கட்டற்ற மென்பொருளே.

இயந்திரம் ஆசிரியரை விரட்டிவிடும் என்ற அச்சம் நேர்மையானது. அதனை நாம் எள்ளி நகையாட மாட்டோம். சேவையகந்தான் இருக்கிறதே, கணித ஆசிரியர் எதற்கு என்று நாளை ஓர் அதிகாரி கேட்கக்கூடும். மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் நிலவும் ஆசிரியர் பஞ்சத்தை ஒரு பெட்டியால் மூடி மறைக்கப் பார்க்கும் அக்கேள்விக்கு இப்போதே விடை கூறுகிறோம்: பெட்டி பாடத்தை வைத்திருக்கும், பிள்ளையின் முகவாட்டத்தை அது அறியாது. எமது மூன்று சனிக்கிழமைகளும் காட்டியது இதுவே. மென்பொருளை நிறுவியவன் ஆசிரியன், நிரப்பியவன் ஆசிரியன், பழுதானபோது தலையில் கைவைத்து உட்கார்ந்தவனும் ஆசிரியன். ஆசிரியரில்லாத பாடசாலையில் சேவையகம் வெறும் சூடான பெட்டி.

தமிழாசிரியருக்கு இந்த வேலை ஏன், யாப்பும் அணியும் கற்பித்தால் போதாதா என்று எமது இலக்கிய நண்பர்களே கேட்கின்றனர். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறோம்: கோ. நடேசய்யர். 1920களில் மலையகத் தொழிலாளருக்காகப் பேனா பிடித்த அவர், எழுதினால் மட்டும் போதாது, அச்சிட்டுக் கையில் கொடுக்கவும் வேண்டும் என்று உணர்ந்தவர்; 'தேசபக்தன்' நடத்தியவர். அச்சுக்கூடம் பிறன் கையில் இருந்தால் சொல்லும் பிறன் தயவில் வாழும் என்பது அக்காலத்துப் பாடம். இக்காலத்து அச்சுக்கூடம் சேவையகம். எம் பிள்ளைகள் எழுதும் கட்டுரை எங்கே தங்குகிறது? அவர்கள் பெற்ற புள்ளியை யார் வைத்திருக்கிறார்? பெருந்தொற்றுக் காலத்தில் எமது பாடசாலைகளின் பாடங்கள் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் சென்றன. வேறு வழியில்லை, குறைகூறவில்லை. ஆனால் அந்த ஈராண்டுகளில் ஆசிரியர்கள் இரவிரவாக எழுதிப் படமெடுத்து அனுப்பிய ஆயிரமாயிரம் பக்கங்கள் இன்று எங்கே? மாற்றிய கைப்பேசிகளோடு அழிந்தன. ஒரு தலைமுறை ஆசிரியரின் உழைப்பு தங்க ஒரு கூரை இருக்கவில்லை.

* * *

இதுவெல்லாம் பணக்கார நாட்டில் நடக்கும் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அயலிலுள்ள கேரளத்தில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், அரசுப் பாடசாலைகளைக் கட்டற்ற மென்பொருளின் பக்கம் திருப்பியது; பாடசாலை ஆசிரியர்களையே அதற்குப் பயிற்றுநர்களாக்கியது; கணினியை மலையாளம் பேச வைத்தது. 2017இல் அது கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. அங்கே சாதாரண ஆசிரியரால் முடிந்தது இங்கே மலையக ஆசிரியரால் ஏன் முடியாது? முடியும் என்று எவரும் சொல்லவில்லை என்பதே காரணம்.

ஆகவே எமது கோரிக்கைகள் சில. மலையகத்தின் ஒவ்வொரு பாடசாலைக் கொத்தணியிலும், கொழும்பை எதிர்பாராமல் இயங்கவல்ல சேவையகமொன்று பாடசாலைக்குள்ளேயே நிறுவப்படட்டும். அதில் கட்டற்ற மென்பொருளே இடம்பெறட்டும். உரிமம் முடிந்ததும் கதவடைக்கும் வணிகப் பொருளை நன்கொடை என்ற பெயரில் எவரும் தலையில் கட்ட வேண்டாம். அரசின் தளத்திலுள்ள தமிழ்ப் பாடங்கள் இணையமின்றிப் பயன்படும் வடிவில் தவணைதோறும் வந்து சேரட்டும். கொத்தணிக்கு இரு ஆசிரியருக்கேனும் நிறுவவும், பழுது பார்க்கவும், காப்புப் பிரதி எடுக்கவும் தமிழில் பயிற்சி தரப்படட்டும். அதற்குரிய நேரம் அவர்களின் பாடவேளையில் கணிக்கப்படட்டும். வெற்றிடமாகக் கிடக்கும் ஆசிரியர் பதவிகள் நிரப்பப்படட்டும். இது இல்லாமல் முன்சொன்னவை எல்லாம் பம்மாத்து.

நன்கொடையாளருக்கும் ஒரு சொல். படம் பிடித்துக்கொண்டு பிள்ளையின் கையில் டப்லட் கொடுக்கும் விழாக்களை நாம் பல கண்டுவிட்டோம். திரை உடைந்ததும் அது விளையாட்டுச் சாமானாகிறது. பதினைந்து டப்லட்டுகளின் விலையை விட்டு, உங்கள் அலுவலகம் கழித்துவிட்ட ஒரு கணினியையும், அதனை நிறுவத் தெரிந்த ஓர் இளைஞனின் இரு சனிக்கிழமைகளையும் தாருங்கள். அவன் நிறுவிவிட்டுப் போகக் கூடாது. எமக்கு நிறுவக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

எழுத்தாள நண்பர்களே! மலையகத்தின் துயரத்தைப் பாடிப் பாடி நாம் கைதேர்ந்துவிட்டோம். அட்டை கடித்த காலையும், கூடை அழுத்திய நெற்றியையும், இப்போது பாறையேறிய பிள்ளையையும் அழகாக எழுதத் தெரிந்துகொண்டோம். அழகாக எழுதப்பட்ட அநீதி நாளடைவில் இயற்கைக் காட்சியாகிவிடும் ஆபத்து உண்டு. மரக்குடிலில் அமர்ந்த பிள்ளையைப் பற்றி இன்னொரு கவிதை எழுதுமுன், உங்கள் ஊர்ப் பாடசாலையில் பாடம் தங்கும் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். உங்கள் கதைகளை யூனிகோட்டில் தட்டெழுதி அப்பெட்டிக்குக் கொடுங்கள். மூடிலின் தமிழில் ஆங்கிலம் தலைநீட்டும் இடங்களில் பத்துச் சொற்களையேனும் தமிழாக்கித் தாருங்கள். இவ்வுழைப்பும் இலக்கியப் பணியே.

அந்தத் தாயின் வினாவுக்கு ஒரு பாடசாலையில் நாம் விடை சொல்லிவிட்டோம். ஊவாவின் மற்றைத் தோட்டங்களில் அவ்வினா இன்னும் எழுந்து நிற்கிறது. பாறையும் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் அதில் ஏறட்டும். தேயிலை மலைகளுக்கு அப்பால் சூரியன் எழுவதைப் பார்க்க, காற்று வாங்க, கூச்சலிட்டு விளையாட ஏறட்டும். பாடத்துக்காக இனி ஒரு பிள்ளையும் ஏறவேண்டாம்.